அந்த ஜோக்குக்கு அண்ணனும் சிரித்தார்

மூன்று வருடமாக ஸ்டாண்ட்-அப் காமெடி செய்துவரும் 27 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய நிகழ்ச்சியில், ஊழல் செய்து மாட்டிக்கொண்ட ஒரு பெரிய மனிதர் ஜெயிலுக்குப் போகும் கதை வருகிறது. முதல் நாள் குளியலறை, கையிலிருந்து நழுவும் சோப்பு, பின்னால் நிற்கும் முரட்டுக் கைதி. எடுக்கக் குனிந்தால் பாலியல் வன்முறைதான் என்பதுதான் ஜோக். மொத்தம் நான்கு நிமிடம். அன்றைய நிகழ்ச்சியிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைக்குமாம். இவருடைய அண்ணன் ஒரு பண மோசடி வழக்கில் விசாரணைக் கைதியாக ஏழு மாதம் சிறையில் இருந்தவர். பிறகு வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறது. சிறையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன மாதம் முதல்முறையாகத் தம்பியின் நிகழ்ச்சிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சோப்பு வந்தபோது அவரும் சிரித்தார், கை தட்டினார். முடிந்ததும் தேடினால் ஆளைக் காணோம். அன்றிலிருந்து தம்பியின் போனை எடுப்பதில்லை. "மறுபடியும் ராத்திரியில தூங்குறதில்ல. குளிக்கப் போனா தாழ்ப்பாளை ரெண்டு மூணு தடவை இழுத்துப் பார்க்கிறார்" என்று அண்ணி சொல்லியிருக்கிறார்.

இவருடைய கேள்விகள் மூன்று. கெட்டவனை வைத்துத்தானே ஜோக் சொன்னேன், அதில் என்ன தப்பு? காமெடியில் எதையும் தொடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்களே, அப்படியானால் இதை மட்டும் ஏன் விட வேண்டும்? அண்ணனுக்கு உள்ளே ஏதாவது நடந்ததா என்று கேட்டுவிடலாமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் பல தடவை படித்தேன். "அண்ணன் சிரிப்பதை மேடையிலிருந்து பார்த்தேன், அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு இன்னும் ஒரு நிமிடம் நீட்டினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த ஒரு நிமிடம்தான் என்று நினைக்கிறேன். அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. முதலில் அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசிவிடுவோம்.

அண்ணன் ஏன் சிரித்தார்?

இருநூறு பேர் சிரிக்கும் அறையில், முன்வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவர்தான் கண்ணில் படுவார். "இவருக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வராமல் இருக்க ஒரே வழி, எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பது. சிறையில் சில மாதம் இருந்தவருக்கு இது புதிதும் இல்லை. எது தன்னைப் பயமுறுத்துகிறது என்பதை முகத்தில் காட்டக் கூடாது என்பதை அங்கே முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வார்கள். அதனால் அவர் சிரித்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதேபோல, அவர் தூங்காததை வைத்து "அப்படியானால் அவருக்கு அது நடந்திருக்கிறது" என்று முடிவுகட்டவும் வேண்டாம். நடந்திருக்கலாம். பக்கத்து செல்லில் நடந்ததைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருக்கலாம். யாராவது மிரட்டியிருக்கலாம். சோதனை என்ற பெயரில் எல்லோர் முன்னாலும் உடையைக் களைய வைத்திருக்கலாம். எதுவுமே நடக்காமல், நடக்குமோ என்ற பயத்திலேயே ஏழு மாதம் ஓடியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இவை எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்: தூக்கமின்மை, தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பது, போனை எடுக்காமல் இருப்பது. உங்களால் இப்போது தெரிந்துகொள்ள முடியாத ஒன்றை உங்கள் குற்ற உணர்ச்சி ஊகித்து நிரப்பப் பார்க்கிறது. நிரப்ப வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

"கெட்டவனுக்குத்தானே நடக்கிறது?"

உங்கள் கடிதத்தில் நான் மறுக்க வேண்டிய இடம் இதுதான். நீங்கள் மட்டும் இப்படி நினைக்கவில்லை. 2001-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த பில் லாக்யர், என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் தலைவர் கென்னத் லேயைப் பற்றி ஒரு பத்திரிகையாளரிடம் பேசினார். பச்சை குத்திய முரட்டுக் கைதி ஒருவன் கொஞ்சலாக வரவேற்கும் அறைக்கு லேயைத் தானே கூட்டிக்கொண்டு போய்விட ஆசை என்ற பொருளில் சொன்னார். உங்களுடைய அதே நான்கு நிமிடக் கதைதான். லே மீது அப்போது குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை, அது 2004-ல்தான் வந்தது. சொன்னவரோ சட்டத்தைக் காப்பாற்றும் பொறுப்பில் இருந்தவர். சிறையில் ஒருவருக்குப் பாலியல் வன்முறை நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய அரசின் உச்சத்தில் இருப்பவரே அதைத் தண்டனையின் கடைசி வரி மாதிரி சொல்கிறார் என்றால், கீழே இரவு டூட்டியில் இருக்கும் வார்டர் ஓர் அலறலைக் கேட்டு ஏன் எழுந்து போகப் போகிறார்?

நீதிமன்றம் விதிக்கும் தண்டனை இத்தனை ஆண்டு சிறை என்பது மட்டும்தான். டீ ஃபார்மர் என்ற திருநங்கையை ஆண்கள் சிறையில் அடைத்தார்கள். 1989-ல் அங்கே தன்னை அடித்து வல்லுறவு செய்ததாக அவர் வழக்குப் போட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-ல் அந்த வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: சிறைக்குள் தாக்கப்படுவது குற்றவாளி அனுபவிக்க வேண்டிய தண்டனையின் பகுதி கிடையாது, பெரிய ஆபத்து இருப்பது தெரிந்தும் அதைக் கண்டுகொள்ளாத அதிகாரிகள் அரசியல் சாசனத்தை மீறுகிறார்கள். 2003-ல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எதிர்ப்பே இல்லாமல் சிறை வல்லுறவு ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றின. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் இதில் ஒத்துப்போயின.

அந்தச் சட்டத்தால்தான் கைதிகளிடமே நேரடியாகக் கேட்டு எடுத்த கணக்கு நமக்குக் கிடைத்தது. 2011-12 ஆய்வில் அமெரிக்காவின் மாநில, மத்திய அரசுச் சிறைகளில் இருந்தவர்களில் 4 சதவீதம் பேர், அதற்கு முந்தைய 12 மாதத்துக்குள் தங்களுக்குப் பாலியல் அத்துமீறல் நடந்ததாகச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் 25 பேருக்கு ஒருவர். இதைச் செய்தது யார் என்பதுதான் உங்கள் ஜோக்கைக் கலைத்துப்போடும். சக கைதிகளைச் சொன்னவர்கள் 2 சதவீதம், சிறை ஊழியர்களைச் சொன்னவர்கள் 2.4 சதவீதம் (இரு தரப்பையும் சொன்னவர்கள் இரண்டிலும் வருகிறார்கள்). ஊழியர் விஷயத்தில் கைதி 'சம்மதித்தார்' என்று சொல்லப்படும் சம்பவங்களும் இந்தக் கணக்கில் உண்டு. சாவியை வைத்திருப்பவரிடம் ஒரு கைதியால் உண்மையில் மறுக்க முடியாது என்பதால் சட்டம் அதையும் குற்றமாகவே பார்க்கிறது. உங்கள் குளியலறைக் காட்சியில் முரட்டுக் கைதி இருக்கிறான், சீருடை போட்டவர் யாருமே இல்லை.

அப்புறம், யாருக்கு நடந்தது? அதே ஆய்வில், சக கைதிகளால் பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள், எதிர்பால் ஈர்ப்புள்ளவர்களில் 1.2 சதவீதம். ஓரினச்சேர்க்கையாளர், இருபால் ஈர்ப்புள்ளவர் போன்ற மற்றவர்களில் 12.2 சதவீதம். மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே பாலியல் வன்முறையை அனுபவித்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். ஒல்லியானவர், வயதில் சின்னவர், முதல்முறை உள்ளே வந்தவர், உள்ளே ஆள்பலம் இல்லாதவர் என்று இந்தப் பட்டியல் நீளும். உங்கள் கதையில் வரும் ஊழல் பெரிய மனிதருக்குப் பணமும் செல்வாக்கும் உண்டு. எந்த ஊர்ச் சிறையிலும் அவர்தான் ஓரளவு பத்திரமாக இருப்பவர். தண்டனையே பெறாதவர்கள் இதில் மாட்டுவதும் புதிதல்ல. ஃபிலடெல்ஃபியா நகரச் சிறைகளில் 26 மாதத்தில் சுமார் 2,000 பாலியல் தாக்குதல்கள் நடந்திருக்கும் என்று 1968-லேயே ஓர் அதிகாரப்பூர்வ விசாரணை கணக்கிட்டது. விசாரணைக்காகக் காத்திருந்த இளைஞர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். உங்கள் அண்ணனும் ஏழு மாதம் அப்படிக் காத்திருந்தவர்தான்.

எதையும் தொடலாம், சரி

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மரணம், நோய், வன்முறை எதையும் காமெடி தொடலாம். இந்த ஜோக்கைத் தடை செய்ய வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சிரிப்பை அளக்க ஆரம்பித்தால், முதலில் வாயை மூட வைக்கப்படுபவர்கள் அதிகாரத்தைக் கேலி செய்பவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் சொல்ல உரிமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, சொல்வது சரியா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதையும் முடித்துவிட்டதாக உங்கள் நண்பர்கள் நினைக்கிறார்கள்.

தனியாக உட்கார்ந்து ஒன்று செய்து பாருங்கள். உங்கள் நான்கு நிமிடத்தில் அந்தப் பெரிய மனிதருக்குப் பதிலாக ஒரு பெண் கைதியை வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதன்பிறகு சீர்திருத்தப் பள்ளியில் இருக்கும் 16 வயதுப் பையனை வைத்துச் சொல்லுங்கள். உங்களால் முடிக்க முடியாது என்று நம்புகிறேன். இத்தனைக்கும், அமெரிக்காவில் சிறார் காப்பகங்களில் 2012-ல் எடுத்த கணக்கு பெரியவர்களின் சிறையைவிடக் கூடுதல், 9.5 சதவீதம். சம்பவம் ஒன்றுதான். அப்படியானால் உங்கள் ஜோக்கில் அரங்கம் எதற்குச் சிரிக்கிறது? வளர்ந்த ஓர் ஆண் 'ஆண் இல்லாமல்' ஆக்கப்படுகிறான் என்பதற்குச் சிரிக்கிறது. பாதிக்கப்பட்ட ஆண்கள் பல வருடம் வாயைத் திறக்காததற்குக் காரணமும் அதே நினைப்புதான். "சொன்னால் சிரிப்பார்கள்" என்று அவர்கள் பயப்படுகிறார்கள். உங்கள் அரங்கத்தில் உண்மையிலேயே சிரித்துவிட்டார்கள்.

ஜோக் ஒரு நல்லவரைக் கெட்டவராக மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. உளவியலாளர் தாமஸ் ஃபோர்டும் அவர் குழுவினரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெண்களை மட்டம்தட்டும் ஜோக்குகளைக் கேட்ட பிறகு, ஏற்கெனவே பெண்கள்மேல் வெறுப்புள்ள ஆண்கள் பெண்கள் அமைப்புக்கு நன்கொடை கொடுப்பதில் கை சுருங்கினார்கள். அந்த வெறுப்பு இல்லாதவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை. ஜோக் புதிய வெறுப்பைத் தராவிட்டாலும், உள்ளே இருப்பதற்கு "பரவாயில்லை, இங்கே இது சகஜம்" என்று அனுமதி கொடுத்துவிடுகிறது. சிறையைப் பற்றி முடிவெடுப்பவர்களும் அரங்கத்தில் உட்கார்ந்து சிரிப்பவர்கள்தானே.

என் ஆலோசனை அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடும், அடையாளங்களை மாற்றியும்தான் சொல்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் தூக்கமில்லை என்று வந்தார். மூன்றாவது சந்திப்பில், கிளம்பும் நேரத்தில், கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டே, "மேடம், ஒரு ஜோக் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அந்தச் சோப்பு ஜோக்கைத்தான் சொன்னார். சொல்லும்போது என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் சிரிக்கவில்லை. "இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டேன். கதவிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். "ஜோக் இல்ல மேடம்" என்றார். பதினோரு வருடத்தில் அவர் முதல்முறையாக வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். மரியாதைக்காக நான் லேசாகச் சிரித்திருந்தால்கூட அவர் கதவைத் திறந்துகொண்டு போயிருப்பார். நான் நினைத்து நினைத்துப் பயப்படும் இடம் அது.

மேடையில் என்ன செய்யலாம்?

சிறையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை மாற்றிப் பாருங்கள். 1979-ல் டெல்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்காக இல்லை, வேறொரு கைதிக்காக. பணம் பிடுங்குவதற்காகத் தலைமை வார்டர் ஒருவர் அந்தக் கைதியின் ஆசனவாயில் தடியைச் செலுத்திச் சித்திரவதை செய்தார் என்பது புகார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு விசாரித்தது. காயத்துக்குச் சிறைத் தரப்பிலிருந்து வந்த விளக்கங்கள் என்ன தெரியுமா? கீழே விழுந்துவிட்டார், தானே செய்துகொண்டார், மூலநோய். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தக் கதைகளை நம்பவில்லை. நீங்கள் நகைச்சுவைக் கலைஞர். ஒரே காயத்துக்கு மூன்று காரணம் யோசித்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த காட்சி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மேசையைப் பார்த்து அரங்கம் சிரித்தால், முன்வரிசையில் இருப்பவரும் நிஜமாகவே சிரிக்க முடியும். வார்டர் கையிலேயே சாவி இருக்கும் புகார்ப் பெட்டி, "இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை" என்று பெருமையாகச் சொல்லும் அதிகாரி என்று எடுக்க எத்தனையோ இருக்கிறது.

இதில் உங்களுக்கு நஷ்டமும் உண்டு. அந்தச் சுலபமான கைதட்டல் போகும். புதிதாக எழுதுவது பல தடவை சொதப்பும். சில நண்பர்கள் நீங்கள் பயந்துவிட்டதாகச் சொல்வார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். 2002-ல் செவன் அப் குளிர்பானம் இதே குனியும் ஜோக்கைச் சிறையில் வைத்து விளம்பரமாக எடுத்தது. பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பு எதிர்த்ததும் அதைத் திரும்பப் பெற்றது. அதனால் யாரும் சிரிப்பதை நிறுத்திவிடவில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அண்ணனின் கதையை, நல்ல நோக்கத்தோடுகூட, மேடையில் சொல்லாதீர்கள். "என் அண்ணன் உள்ளே இருந்தவர், அதனால் இனி இந்த ஜோக்கைச் சொல்ல மாட்டேன்" என்று உருக்கமாக அறிவிப்பதும் அதே தப்புதான். அந்த ஏழு மாதம் அவருக்குச் சொந்தமானது.

அண்ணனிடம் எப்படிப் பேசுவது?

"உனக்கு ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்க வேண்டாம். நடந்திருந்தால் அது விசாரணை மாதிரி இருக்கும். நடக்காவிட்டால், தம்பி இத்தனை நாளும் தன்னைப் பற்றி இப்படித்தான் கற்பனை செய்துகொண்டிருந்தான் என்று அவருக்குத் தோன்றும். அண்ணியை வைத்துத் துருவவும் வேண்டாம். அவருக்கு ஏதாவது தெரிந்திருந்தால், கணவர் அவரை நம்பிச் சொன்னதாகத்தான் இருக்கும்.

நீங்கள் சொல்ல வேண்டியது உங்கள் பக்கத்தை மட்டும். "நீ உட்கார்ந்திருக்கும்போது அந்த ஜோக்கைச் சொன்னேன். நீ சிரிக்கிறாய் என்று இன்னும் நீட்டினேன். அது தப்பு, அண்ணா. நீ எதுவும் சொல்ல வேண்டாம்." இவ்வளவு போதும். "உன் மனசு புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பிக்காதீர்கள். புண்பட்டதா இல்லையா என்று நிரூபிக்கும் வேலையை அது அவர் தலையில் கட்டிவிடும். போனை எடுக்கவில்லை என்றால் இதையே செய்தியாக அனுப்புங்கள். பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

ஒருவேளை அவர் பேசினால், "ஏன் தடுக்கல?", "ஏன் அப்பவே சொல்லல?" என்ற இரண்டு கேள்விகளையும் தொண்டையிலேயே நிறுத்திவிடுங்கள். தாக்குதலின்போது உடம்பு அசைய முடியாமல் உறைந்துபோவது சாதாரணமாக நடப்பது. அந்த நேரத்தில் உடல் தானாகக் காட்டும் எதிர்வினைகளும் சம்மதம் ஆகாது. இதைத் தெரியாமல் பல ஆண்கள் தங்களையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். "சொன்னது நல்லது, நான் நம்புறேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றால் போதும்.

தூக்கமின்மைக்கும் தாழ்ப்பாள் பயத்துக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. அதிர்ச்சி அனுபவங்களுக்கென்றே பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் இருக்கிறார்கள். நடந்ததை முதல் நாளே விவரிக்கும்படி அவர்கள் கட்டாயப்படுத்த மாட்டார்கள். அவருக்கு உண்மையிலேயே அத்துமீறல் நடந்திருந்தால், இரண்டு வருடம் கழித்தும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள் செய்துகொள்வது பயனுள்ளது. புகார் கொடுப்பது முழுக்க அவர் முடிவு. எந்தக் காலக்கெடு பொருந்தும், செய்தவர் ஊழியர் என்றால் எந்தப் பிரிவு வரும் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அவர் விரும்பினால் முதலில் ஒரு வழக்கறிஞரைத் தனியாகப் பார்த்துப் பேச வையுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு புகார் எழுதக் கூடாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம்: சாவைப் பற்றியோ, "நான் இல்லாட்டி நல்லது" என்றோ அவர் பேசியதாக அண்ணி சொன்னால், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

நிகழ்ச்சி இல்லாத ஒரு நாளில், தனியாக, அவர் வீட்டுக்குப் போங்கள். வண்டி ரிப்பேரைப் பற்றிப் பேசினால் நீங்களும் அதையே பேசுங்கள். அதற்கு முன்னால் அந்த நான்கு நிமிடத்தை உங்கள் நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் உங்களிடம் கேட்கக்கூடிய முதல் கேள்வி, "அதை இன்னும் சொல்றியா?" என்பதாக இருக்கலாம்.